புல எல்லைக் கல் இரண்டு காணோம்: பழைய எஃப்.எம்.பி. (புல அளவைப் படம்) எங்கே வாங்குவது, கல்லை எப்படி மீட்பது?

கரிசல்_காணி:

புஞ்சை நிலம், ஒரே சர்வே எண்ணில் மூன்று உட்பிரிவு. தெற்கு எல்லையில் இருந்த மூலைக் கற்களில் இரண்டு, வாய்க்கால் தூர்வார ஜே.சி.பி. இறங்கியபோது போய்விட்டன. மற்ற கற்கள் நிற்கின்றன. ஆன்லைனில் இறக்கிய எஃப்.எம்.பி.யில் நீளம் எல்லாம் மீட்டரில் இருக்கிறது. தனியார் சர்வேயர் டி.ஜி.பி.எஸ். (செயற்கைக்கோள் வழியே துல்லியமாக இடம் காட்டும் கருவி) வைத்துக் காட்டிய புள்ளிக்கும் பக்கத்து நிலத்துக்காரர் காட்டும் வரப்புக்கும் 60 சென்டிமீட்டர் வித்தியாசம்.

பழைய அசல் படம் எங்கே கிடைக்கும்? எந்த அளவை நம்பிக் கல்லை மீட்பது? மறுபடி கல் போனாலும் சண்டை வராதபடி என்ன குறித்து வைக்கலாம்?

தாலுகா_மாடி:

முதலில் ஆவணம். உங்கள் எண்ணின் எஃப்.எம்.பி. மட்டும் போதாது. தெற்கே ஒட்டியிருக்கும் எல்லா சர்வே எண்களின் எஃப்.எம்.பி.யும் வேண்டும். எல்லைக் கல் இரண்டு புலத்துக்கும் பொது. அதே எஃப் லைன் (புல எல்லைக் கோடு) இரண்டு படத்திலும் எழுதியிருக்கும். இரண்டிலும் ஒரே நீளம் இருந்தால் நல்லது. வேறாக இருந்தால் அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது, கல் நட்ட பிறகு அல்ல.

ஆன்லைனில் வருவது பழைய படத்தைக் கணினியில் ஏற்றி கொலாப்லேண்ட் என்ற நில வரைபட மென்பொருளில் மறுபடி வரைந்த படம். அதில் இரண்டு வகைத் தப்பு அடிக்கடி வரும். ஒன்று, ஏற்றும்போது எண் மாறுவது: 73.4 என்பது 78.4 ஆகிவிடும், கோடும் அதற்கேற்ப நகர்ந்துவிடும், பார்த்தால் சந்தேகமே வராது. இன்னொன்று, பட்டா மாறுதலில் உருவான உட்பிரிவு படத்தில் ஏறாமல் நிற்பது. பட்டாவில் 3சி இருக்கும், படத்தில் 3பி வரைதான் இருக்கும். அப்போது தாலுகா அலுவலக நில அளவைப் பிரிவில், அந்த உட்பிரிவு செய்தபோது சர்வேயர் போட்ட ஸ்கெட்சின் நகலைக் கேளுங்கள். கல் எங்கெங்கே நட்டார்கள் என்பது அதில்தான் தெரியும்.

பழைய படத்துக்கும் முதலில் அதே தாலுகா அலுவலகம்தான். அங்கே கிழிந்துபோயிருந்தாலோ இல்லை என்றாலோ, மாவட்டத்தில் நில அளவை உதவி இயக்குநர் அலுவலகம். அதற்கும் மேலே, சென்னை சேப்பாக்கம் மத்திய நில அளவை அலுவலகம். மனுவில் ‘சர்வே படம் வேண்டும்’ என்று பொதுவாக எழுதினால் ஆன்லைன் படத்தையே அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். மாவட்டம், வட்டம், கிராமத்தின் பெயர் மற்றும் எண், இன்றைய சர்வே எண், பழைய சர்வே எண் எல்லாம் போட்டு, ‘கணினியில் ஏற்றுவதற்கு முந்தைய புலப்படத்தின் சான்றிட்ட நகல்’ என்று எழுதுங்கள். பழைய எண் அ-பதிவேட்டில் (கிராமத்தின் நிலப் பதிவேடு) இருக்கும். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) காலத்தில் எண் மாறிய கிராமம் என்றால் பழைய–புதிய எண் ஒப்பீட்டுப் பட்டியலும் வேண்டும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். ஆனால் நகல் வாங்கத் தனி வழி இருக்கிறது, அதில் வாருங்கள் என்று திருப்பிவிடுவது சகஜம். அதனால் நகல் மனுவை முதலில் போட்டு அதன் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஆவணம் இல்லை என்று சொன்னால், அதை எழுத்தில் வாங்கத்தான் தகவல் உரிமை மனு உதவும்.

சங்கிலி66:

அளவுக்கு வருவோம். பழைய படம் கைக்கு வந்தால் எண்கள் பெரும்பாலும் லிங்க்ஸில் இருக்கும். குண்டர் சங்கிலி 66 அடி, 100 லிங்க். ஒரு லிங்க் 20.12 செ.மீ. உதாரணமாக பழைய படத்தில் 365 என்று இருந்தால் 73.43 மீட்டர், புதிய படத்தில் 73.4 என்று இருக்க வேண்டும். உங்கள் தெற்கு எல்லை எண்கள் எல்லாவற்றையும் இப்படி மாற்றி ஒப்பிடுங்கள். 78.4 மாதிரித் தப்பு இருந்தால் இங்கேயே மாட்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய அளவு முழு லிங்கில், புதியது ஒரு தசமத்தில். அப்படியென்றால் 10 சென்டிமீட்டர் சண்டைக்கு எஃப்.எம்.பி.யில் பதில் கிடையாது. 60 சென்டிமீட்டருக்கு இருக்கும்.

படத்தின் மேல் ஸ்கேல் வைத்து அளக்கவே கூடாது. 1:2000 படத்தில் அரை மில்லிமீட்டர் என்றால் தரையில் 1 மீட்டர். போதாததற்கு ஜெராக்ஸும் பிரின்டரும் தாளுக்கேற்றபடி சுருக்கும். எழுதியிருக்கும் எண்தான் அளவு, கோடு வெறும் வழிகாட்டி.

மீட்கும் முறை: நிற்கும் கற்களில் குறைந்தது மூன்றை எடுத்து, ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்து படத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டு கல் மட்டும் பார்த்தால் எது நகர்ந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. மூன்றாவது கல்தான் சாட்சி. பொருந்தாத கல்லை ஒதுக்கிவிடுங்கள், அது எவ்வளவு கம்பீரமாக நின்றாலும் சரி.

பிறகு ஜி லைன், அதாவது இரண்டு கல்லை இணைத்து அளவுக்காகப் பிடிக்கும் அடிக்கோடு. ஏ கல்லிலிருந்து சி கல்லுக்கு 148.0 மீட்டர், காணாமல் போன பி கல்லுக்கு ஏ-யிலிருந்து 62.4-ல் இடப்பக்கம் 38.6 ஆஃப்செட் (கோட்டிலிருந்து செங்குத்துத் தூரம்) என்று லேடர் (இந்தத் தூரங்களை எழுதிய அளவுப் பட்டியல்) சொல்கிறது என்று வையுங்கள். ரேஞ்சிங் ராட் (நேர் பார்க்கும் கம்பு) நட்டு நேர்கோடு பிடித்து, 62.4-ல் கிராஸ் ஸ்டாஃப் (செங்கோணம் காட்டும் கருவி) வைத்துச் செங்குத்தாக 38.6 போனால் பி. செங்குத்து ஒரு டிகிரி பிசகினாலே 38.6 மீட்டரில் 67 சென்டிமீட்டர் விலகும். அதனால் அங்கேயே நிறுத்தாதீர்கள். ஏ–பி கணக்குப்படி 73.4, பி–சி 93.9 வர வேண்டும். இரண்டு டேப்பை ஏ-யிலும் சி-யிலும் பிடித்து, வெட்டும் இடத்தைக் குறியுங்கள். செங்குத்தில் வந்த புள்ளியும் இதுவும் ஒரு சாணுக்குள் விழுந்தால் வேலை சரி.

நிற்கும் இரண்டு கல்லுக்கு நடுவே நேர்கோட்டில் ஒரு கல் போயிருந்தால் விகிதம் போடுங்கள். படத்தில் 120.0, தரையில் 120.6, போன கல் 45.0-ல் என்றால் 45.2-ல் குறிக்க வேண்டும். ஒரு முனையிலிருந்து 45.0 அப்படியே அளந்தால் மிச்சப் பிழை முழுவதும் ஒருவர் தலையில் விழும்.

துணி டேப் வேண்டாம், இழுத்த இழுப்புக்கு வரும். நீளமான ஸ்டீல் டேப் எடுங்கள். சரிவில் டேப்பைத் தரையோடு கிடத்தாமல் மட்டமாகப் பிடியுங்கள். 5 டிகிரிச் சரிவில் 100 மீட்டர் கிடத்தி அளந்தால் மட்டத்தில் அது 99.62 தான்.

கரிசல்_காணி:

நன்றி சார். அப்படியானால் டி.ஜி.பி.எஸ். காட்டிய புள்ளி தப்பா?

சங்கிலி66:

கருவி தப்பாது, எங்கிருந்து தொடங்கினார் என்பதுதான் கேள்வி. நிற்கும் கற்களை ரோவரில் (டி.ஜி.பி.எஸ்.ஸின் கையில் கொண்டுபோகும் பகுதி) எடுத்து, படத்தின் எண்களை அவற்றின் மேல் பொருத்தியிருந்தால் மதிக்கலாம். சாட்டிலைட் படத்தின் மேல் கொலாப்லேண்ட் கோட்டை ஒட்டவைத்து, அந்தப் புள்ளிக்கு ரோவரை நடத்தியிருந்தால் சென்டிமீட்டர் துல்லியத்தில் தப்பான இடத்தில் நிற்கிறீர்கள். அவரிடம் ‘எந்தெந்தக் கல்லைப் பிடித்தீர்கள், ஒவ்வொன்றிலும் மிச்சப் பிழை எவ்வளவு’ என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வராவிட்டால் அந்தப் புள்ளியை விட்டுவிடுங்கள்.

வாய்தா_வேண்டாம்:

சட்டப் பக்கம் கொஞ்சம். தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் 1923, பிரிவு 15-இன்படி கல்லைப் பராமரிப்பதும் புதுப்பிப்பதும் பட்டாதாரர் கடமை. தவறினால் அரசே செய்து, செலவை வருவாய் பாக்கி போல வசூலிக்கலாம். அதற்காக நீங்களே ஒரு கல்லை வாங்கி வந்து நடச் சொல்லவில்லை. அரசு நட்ட கல்லை நகர்த்துவதும் அழிப்பதும் குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 434, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 326-இல் வருகிறது, ஓராண்டு வரை சிறை. நல்ல எண்ணத்தில் நட்டாலும் எதிர்த் தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும்.

மேலே சொன்ன அளவெல்லாம் உங்கள் தெளிவுக்கு. முளைக்குச்சி அடித்துக்கொள்ளுங்கள், கல் வேண்டாம். தமிழ்நிலம் தளத்தில் எல்லை அளந்து காட்ட விண்ணப்பித்து, சர்வேயர் வரும் நாளில் பக்கத்துப் பட்டாதாரர்களுக்கும் நோட்டீஸ் போயிருக்கிறதா என்று பாருங்கள். நோட்டீஸ் இல்லாமல் அளந்தால் ‘எனக்குத் தெரியாது’ என்ற ஒரே வரியில் எல்லாம் வீண். அளந்த படத்தில் சர்வேயர் கையெழுத்து வாங்காமல் விடாதீர்கள்.

இந்த அளவு எல்லையைக் காட்டும், உரிமையைத் தீர்மானிக்காது. வரப்பு பல வருட அனுபவம் என்று அவர் வாதம் வைத்தால் சிவில் கோர்ட்தான். அங்கே உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 26 விதி 9-இல் அட்வகேட் கமிஷனர் (இடத்தைப் பார்த்து அறிக்கை தர கோர்ட் நியமிக்கும் வக்கீல்) கேட்டு, அவரோடு சர்வேயரையும் அனுப்பச் சொல்லுங்கள்.

மூன்று_கட்டு:

கடைசிக் கேள்விக்கு. கல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி ஒரு நோட்டு போடுங்கள். கல் தலையின் நடுவிலிருந்து, அசையாத மூன்று பொருளுக்கு டேப் அளவு. பாலத்தின் கைப்பிடிச் சுவர் மூலை, கிணற்றுக் கட்டுச்சுவர், கோயில் மதில் மூலை மாதிரி. ‘கிணறு வரை 14.32’ என்று எழுதாதீர்கள், ‘கிணற்றுச் சுவரின் வடகிழக்கு வெளிமூலை, தரைமட்டம்’ என்று எழுதுங்கள். மின்கம்பத்தை மாற்றிவிடுவார்கள், வேப்பமரம் பெருக்கும். மூன்றும் ஒரே பக்கம் இருந்தால் டேப்புகள் சாய்வாக வெட்டி இடம் துல்லியமாக வராது. ஏறக்குறைய 60 முதல் 120 டிகிரி விரிய வேண்டும்.

பக்கத்தில் பொருளே இல்லாத பொட்டல் என்றால், சர்வேயர் கல் நட்ட அன்றே உங்கள் நிலத்துக்குள் சரியாக 2 மீட்டர் தள்ளி இரண்டு சிமென்ட் குத்துக்கல் வையுங்கள். சர்வே கல்லின் வடிவமும் குறியும் அவற்றுக்கு வேண்டாம், குழப்பம் வரும்.

போட்டோ இரண்டு: கல் தலை தெரிய ஒன்று, பின்னணியில் அந்தப் பொருள்கள் தெரிய ஒன்று, தேதியோடு. போன் ஜி.பி.எஸ். எண்ணும் எழுதலாம், ஆனால் 3–5 மீட்டர் தவறும். புதரில் கல்லைத் தேட உதவும், எல்லை பிடிக்க உதவாது. பக்கத்து நிலத்துக்காரரை நோட்டின் அந்தப் பக்கத்திலேயே கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு ஜெராக்ஸ் அவரிடம் கொடுங்கள்.

கல்லைச் சுற்றிக் கான்கிரீட் போடுவதாக இருந்தால் தலையை மூடாதீர்கள். அடுத்த தூர்வாரும் வேலைக்கு முன் வி.ஏ.ஓ.விடம் எழுதிக் கொடுத்து, கல்லுக்கு இருபுறமும் ஓர் ஆள் உயரத்துக்குச் சிவப்புத் துணி கட்டிய கம்பு நடுங்கள். ஜே.சி.பி. ஓட்டுநருக்குப் புல்லுக்குள் இருக்கும் அரையடிக் கல் தெரியாது.