ஒர்லாண்டோ டிஸ்னி, யுனிவர்சல்: மூணு பிள்ளைகள், கூடவே பெரியவங்க. எந்த ஹோட்டல்?

நிலா_அம்மா:

வணக்கம். ஜூன் மாசம் ஒர்லாண்டோ போறோம், ஆறு இரவு. நாங்க ரெண்டு பேர், எங்க அத்தை (68 வயசு, முழங்கால் வலி, அரை மணி நேரத்துக்கு மேல நடக்க முடியாது), பையன் 9 வயசு, பொண்ணு 5 வயசு, கடைக்குட்டிக்கு ரெண்டு வயசு. பெரியவன் உயரம் 131 செ.மீ., பொண்ணு 106 செ.மீ. கடைக்குட்டி மதியம் தூங்கியே ஆகணும், இல்லேன்னா சாயங்காலம் எல்லாருக்கும் கெட்டுப்போகும்.

டிஸ்னி வேர்ல்ட்ல நாலு நாள், யுனிவர்சல்ல ரெண்டு நாள்னு திட்டம். கார் வாடகைக்கு எடுக்க விருப்பமில்லை. மூணு இடம் பார்த்து வெச்சிருக்கோம். ஒண்ணு, கிஸிம்மியில சமையலறையோட இருக்கிற சூட் ஹோட்டல், பார்க்குக்கு ஷட்டில் இலவசம்னு போட்டிருக்காங்க, விலையும் குறைவு. ரெண்டாவது, டிஸ்னியோட ஆர்ட் ஆஃப் அனிமேஷன் ஃபேமிலி சூட். மூணாவது, டிஸ்னியோட மோனோரயில் பாதையில இருக்கிற கன்டெம்பரரி ஹோட்டல். டிஸ்னிக்குள்ள தங்குறதுக்குக் கூடுதலா கொடுக்கிற காசுக்கு என்ன கிடைக்குது? ஆறு பேரும் வசதியா படுக்க முடியுமா? யுனிவர்சலுக்குத் தனியா ஹோட்டல் மாறணுமா?

திசைகாட்டி:

உங்கள் ஹோட்டலை முடிவு செய்ய வேண்டியது கடைக்குட்டியின் மதியத் தூக்கம்தான். பகல் பன்னிரண்டரைக்கு பார்க்கிலிருந்து கிளம்பினால் எத்தனை மணிக்குக் குழந்தை படுக்கையில் இருக்கும்? ஒவ்வொரு ஹோட்டலையும் இந்தக் கேள்வியை வைத்துப் பாருங்கள். நட்சத்திரம், அலங்காரம் எல்லாம் அப்புறம்.

அந்தக் கணக்கில் இலவச ஷட்டில் முதலிலேயே அடிபட்டுப் போகும். வெளி ஹோட்டல்களின் ஷட்டில் பெரும்பாலும் காலையில் ஒன்றிரண்டு தடவை பார்க்குக்குப் போகும், இரவில் ஒன்றிரண்டு தடவை திரும்பும். நடுப்பகலில் வண்டியே இருக்காது. நான்கைந்து ஹோட்டலுக்குச் சேர்த்து ஒரே வண்டி ஓடுவதும் உண்டு, முந்தின நாளே இடம் பதிவு செய்யச் சொல்வதும் உண்டு. முன்பதிவு செய்வதற்கு முன் ஹோட்டலுக்கு எழுதி நேர அட்டவணையை வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று, பலர் அங்கே போய் நின்ற பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். டிஸ்னியின் நான்கு பார்க்குகளில் ஒன்றான மேஜிக் கிங்டத்துக்கு வெளி வண்டிகள் வாசல் வரை போகாது. ஏரிக்கு இந்தப் பக்கம் இருக்கும் டிரான்ஸ்போர்ட்டேஷன் அண்ட் டிக்கெட் சென்டரில் இறக்கிவிடும். அங்கிருந்து மோனோரயிலோ படகோ பிடித்துத்தான் அக்கரை சேர வேண்டும். ஊபருக்கும் சொந்தக் காருக்கும் இதே வழிதான். டிஸ்னி ஹோட்டல் பஸ்கள் மட்டும் அக்கரையிலேயே, பார்க் வாசலுக்குப் பக்கத்தில் நிற்கும். போக வரச் சேர்த்து எளிதாக ஒரு மணி நேரம் மிச்சம். அத்தையின் முழங்காலுக்கும் அத்தனை நடை மிச்சம்.

கிஸிம்மி விலை குறைவு என்று தெரிவது முதல் பக்கத்தில் மட்டும். அந்த ஊர் இருக்கும் ஆஸியோலா கவுன்டியில் அறை வரி 13.5 சதவீதம். ஒர்லாண்டோ இருக்கும் ஆரஞ்ச் கவுன்டியில் 12.5. வித்தியாசம் சிறியதுதான். ஆனால் வெளி ஹோட்டல்களில் தினசரி ரிசார்ட் கட்டணம் தனி, அதன் மேலும் வரி உண்டு. டிஸ்னி தானே நடத்தும் ஹோட்டல்களில் ரிசார்ட் கட்டணம் கிடையாது. கடைசிப் பக்கத்தில் வரும் மொத்தத் தொகையை ஆறு இரவுக்கும் எழுதிவைத்து அதோடு ஒப்பிடுங்கள்.

கார் வேண்டாம் என்பதால் இதையும் கவனியுங்கள். ஃப்ளோரிடா சட்டப்படி 3 வயது வரை தனிக் குழந்தை இருக்கை வேண்டும், 4, 5 வயதுக்கு பூஸ்டராவது வேண்டும். டாக்சியில் அது தயாராக இருக்கும் என்று நம்ப முடியாது. டிஸ்னி பஸ்ஸில் அந்தப் பிரச்சினை இல்லை. மடியில் வைத்தே போகலாம்.

நீலப்பெட்டி:

அறை விஷயம் நான் சொல்றேன். டிஸ்னியோட விலை குறைஞ்ச ஹோட்டல்கள்ல சாதாரண அறைக்கு நாலு பேர் கணக்கு. 3 வயசுக்கு உட்பட்ட குழந்தை மடக்குத் தொட்டில்ல தூங்கினா கணக்குல சேராது. அதனால உங்க வீட்டுக் கணக்கு அஞ்சு பேர் + தொட்டில். அந்த விலை குறைஞ்ச ஹோட்டல்ல சாதாரண அறை ஒண்ணு போதாது. கன்டெம்பரரியில அஞ்சு பேர் + தொட்டில் கொள்ளும் அறைகள் உண்டு. ஆனா அங்க கொடுக்கிற காசு வேற லெவல், அதை முதல்லயே பார்த்துக்குங்க.

ஆர்ட் ஆஃப் அனிமேஷன் சூட்ல ஆறு பேர் படுக்கலாம், குளியலறை ரெண்டு. காலையில ஆறு பேரைக் கிளப்பணும்னா அந்த ரெண்டாவது குளியலறையோட அருமை தெரியும். படுக்கைகள் இப்படி: கதவு போட்ட அறைக்குள்ள குவீன் சைஸ் கட்டில் ஒண்ணு. வெளி ஹால்ல சோஃபா பெட் ஒண்ணு, சுவத்துல இருந்து கீழ இறக்குற கட்டில் ஒண்ணு. சாப்பாட்டு மேஜை மேலதான் அந்தச் சுவர்க் கட்டில் இறங்கும். கட்டில் இறங்கியிருக்கிற நேரம் மேஜை கிடையாது. மதியம் கடைக்குட்டியை உள்அறையில தொட்டில்ல போட்டுக் கதவைச் சாத்திடுங்க, மத்தவங்க ஹால்ல உக்காந்து சாப்பிடலாம். ஒரே அறையா இருந்தா எல்லாரும் இருட்டுல வாய் மூடி உக்காரணும்.

அத்தையை சோஃபா பெட்ல படுக்க வெக்காதீங்க. தாழ்வு, நடுவுல கம்பி முதுகுல உறுத்தும், முழங்கால் வலியோட எழுந்திருக்கிறது கஷ்டம். சுவர்க் கட்டில் மெத்தை சரியான மெத்தை, உயரமும் பரவாயில்லை. சோஃபா பெட் பிள்ளைகளுக்கு.

சூட் முன்பதிவு பண்ணும்போது நீமோ, லயன் கிங், கார்ஸ்னு மூணு வகை கேட்கும். லாபி, பெரிய குளம், சாப்பாட்டுக் கூடம் மூணுக்கும் கிட்ட இருக்கணும்னா நீமோ. அந்தக் குளத்துல ஒரு பக்கம் படி இல்லாம சரிவா இறங்கும், ரெண்டு வயசுக் குழந்தையோட உக்கார நல்ல இடம். லைஃப் ஜாக்கெட் இலவசமாவே கொடுப்பாங்க. லிட்டில் மெர்மெய்ட் பகுதி பக்கம் போகாதீங்க, அது சூட் இல்லை, சாதாரண அறை, அதுவும் லாபியில இருந்து ரொம்ப தூரம்.

ஒரு மாற்று வழி: பக்கத்துல பாப் செஞ்சுரிங்கிற இன்னொரு டிஸ்னி ஹோட்டல்ல உள்கதவு போட்ட ரெண்டு அறை. பல தேதிகள்ல சூட்டைவிட இது குறைவா வரும். அங்க ரூம்ல ஃப்ரிட்ஜ் உண்டு, மைக்ரோவேவ் இல்லை. சூட்ல மைக்ரோவேவும் உண்டு. ராத்திரி பால் சூடு பண்ணணும்னா யோசிச்சு எடுங்க. ரெண்டு அறை எடுத்தா, உள்கதவு உண்டுன்னு உறுதிப்பத்திரத்துல எழுத்துல இருக்கணும். பக்கத்துப் பக்கத்து அறைன்னு சொன்னா போதாது. ரெண்டு அறையும் வராண்டா வழியாத்தான்னு ஆச்சுன்னா பிள்ளைகளோட பெரிய தொல்லை.

மலைக்காற்று:

மேலே சொல்லாமல் விட்ட ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஆர்ட் ஆஃப் அனிமேஷனைப் பலரும் பரிந்துரைக்கக் காரணம் ஸ்கைலைனர் என்ற கேபிள் கார். 2019இல் வந்தது. ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் எப்காட்டுக்கும் அதில் போகலாம். நடுவில் கரீபியன் பீச் நிலையத்தில் மாற வேண்டும். மேஜிக் கிங்டம், அனிமல் கிங்டம் இரண்டுக்கும் அது போகாது, பஸ்தான். எப்காட்டிலும் முன்வாசலில் இறக்காது, பின்பக்கம் இன்டர்நேஷனல் கேட்வேயில் இறக்கும்.

நீங்கள் போவது ஜூனில். ஒர்லாண்டோவில் அந்த மாதம் பிற்பகலில் இடிமழை வருவது வழக்கம். மின்னல் நெருங்கினால் ஸ்கைலைனரை நிறுத்திவிடுவார்கள், குளத்தையும் மூடுவார்கள். மாற்று பஸ் விடுவார்கள், ஆனால் நின்றுபோன கூட்டம் முழுவதும் அதே பஸ்ஸுக்கு வரும். எனவே மதியம் ஓய்வுக்குத் திரும்புவதாக இருந்தால் வானம் கறுக்கும்வரை காத்திருக்காமல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கே ஏறிவிடுங்கள். கேபின்களில் ஏசி கிடையாது, காற்றோட்டம் மட்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது பிரச்சினை இல்லை. இடையில் நின்றால் புழுங்கும்.

இதைச் சொல்வது ஸ்கைலைனர் வேண்டாம் என்பதற்காக அல்ல. ஸ்ட்ரோலரை மடக்காமல் அப்படியே தள்ளிக்கொண்டு ஏறலாம், தூங்கும் குழந்தையை எழுப்ப வேண்டியதில்லை. பஸ்ஸில் குழந்தையை எடுத்து, ஸ்ட்ரோலரை மடக்கி, பையைத் தூக்கி ஏற வேண்டும். அத்தைக்குச் சக்கர நாற்காலி எடுத்தால், பெரும்பாலான நிலையங்களில் கேபின் முழுவதுமாக நின்று ஏற்றிக்கொள்ளத் தனி வழி இருக்கிறது. நாற்காலி கட்டாயம் எடுங்கள். பார்க்குக்குள் நடை ஹோட்டல் நடையைப்போலப் பல மடங்கு.

ஸ்ட்ரோலர் அளவு 79 செ.மீ. அகலம், 132 செ.மீ. நீளத்துக்கு மேல் இருந்தால் டிஸ்னி பார்க்கில் விடமாட்டார்கள். இழுத்துச் செல்லும் வேகன் வகைக்கு 2019 மே மாதத்திலிருந்து தடை.

கன்டெம்பரரிக்கு ஒரே பெரிய பலம், மேஜிக் கிங்டத்துக்குப் பத்து நிமிட நடை. நான்கு நாளில் இரண்டு நாளாவது மேஜிக் கிங்டம் என்றால்தான் அந்த விலைக்கு நியாயம். நான்கு பார்க்குக்கும் ஒவ்வொரு நாள் என்றால் வேண்டாம்.

நிலா_அம்மா:

ரொம்ப நன்றி. ஷட்டில் யோசனையை விட்டுட்டோம். நாலு பார்க்கும் ஒவ்வொரு நாள்தான், அதனால நீமோ சூட் பக்கம் சாயுறோம். யுனிவர்சல்ல பழைய ரெண்டு பார்க் மட்டும், எபிக் யுனிவர்ஸ் இல்லை. யுனிவர்சலோட ராயல் பசிஃபிக் ஹோட்டல்ல தங்கினா எக்ஸ்பிரஸ் பாஸ் (ரைடுகள்ல குறுகிய வரிசையில போற பாஸ்) சும்மா கிடைக்கும்னு சொல்றாங்களே, அது சரியா?

சுண்டக்கா:

சரிதான். போர்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிஃபிக் மூன்றிலும் தங்குபவர்களுக்கு எக்ஸ்பிரஸ் அன்லிமிடெட் சேர்ந்தே வரும். செக்-இன் நாள், செக்-அவுட் நாள் இரண்டுக்கும் செல்லும், ஆக ஓர் இரவு தங்கினால் இரண்டு நாள். காலையிலேயே போய் ஹோட்டலில் பெட்டியைக் கொடுத்துவிட்டு பாஸை வாங்கிக்கொள்ளலாம், அறை தயாராக வேண்டியதில்லை. பார்க் டிக்கெட் தனி. எபிக் யுனிவர்ஸிலும் வல்கேனோ பே நீர்ப் பூங்காவிலும் இந்தப் பாஸ் செல்லாது.

ஆனால் உங்கள் வீட்டில் இதை யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்று பாருங்கள். யுனிவர்சல் ரைடுகளில் உயரக் கட்டுப்பாடு அதிகம். ஹாக்ரிட் கோஸ்டருக்கும் ஃபார்பிடன் ஜர்னிக்கும் 122 செ.மீ., வெலாசிகோஸ்டருக்கு 130, ஹல்க்குக்கு 137. பையன் முதல் மூன்றிலும் ஏறலாம், ஹல்க் முடியாது. பெண்ணுக்கு கிரிங்காட்ஸ் கூட 107, ஒரு சென்டிமீட்டர் குறைகிறது. ஜூனுக்குள் வளர்ந்திருக்கலாம். ஆனால் அவளிடம் முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிட்டு, வாசலில் அளவுக்கோல் முன் நிறுத்தித் திருப்பி அனுப்பினால் அழுகை நிச்சயம். 91 செ.மீ. போதுமான ஹிப்போகிரிஃப் கோஸ்டர் அவளுக்கு நல்லது.

அதாவது எக்ஸ்பிரஸ்ஸின் முழுப் பயனும் பையனுக்கும் அவனோடு ஏறும் ஒருவருக்கும்தான். ராயல் பசிஃபிக்கில் சாதாரண அறையில் ஆறு பேருக்கு இடம் வராது, இரண்டு அறை போட வேண்டியிருக்கும். உங்களுக்கு நான் யுனிவர்சலின் இன்னொரு ஹோட்டலான கபானா பேயின் ஃபேமிலி சூட்டைத்தான் சொல்வேன். ஆறு பேர் படுக்கலாம், மைக்ரோவேவ், சின்ன ஃப்ரிட்ஜ், சிங்க் உண்டு, அடுப்பு இல்லை. குளியலறை ஒன்றுதான். எக்ஸ்பிரஸ் கிடையாது, ஆனால் காலையில் பொதுமக்களுக்கு முன்பே உள்ளே விடுவது உண்டு. அந்த முதல் நேரத்தில் பையனின் பெரிய ரைடை முடித்துவிடுங்கள். மற்றவற்றுக்குச் சைல்ட் ஸ்வாப் கேளுங்கள். வரிசையின் முடிவில் ஒருவர் குழந்தையோடு தனி அறையில் காத்திருக்க, மற்றவர் ஏறி வந்ததும் அவர் மறுபடி வரிசையில் நிற்காமல் ஏறலாம். பையன் இரண்டு பேரோடும் ஏறிவிடுவான்.

இரண்டு பார்க்குக்கும் நடுவே ஓடும் ஹாக்வார்ட்ஸ் எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏற ஒரே நாளில் இரு பார்க்குக்கும் செல்லும் டிக்கெட் வேண்டும். ஒவ்வொரு நாள் ஒரு பார்க் என்று டிக்கெட் வாங்கிவிட்டு ரயில் வாசலில் திரும்புபவர்கள் நிறைய.

திசைகாட்டி:

ஹோட்டல் மாறத்தான் வேண்டும். டிஸ்னியிலிருந்து யுனிவர்சலுக்கு இலவச வண்டி இல்லை, ஆறு பேரோடு தினம் இரண்டு டாக்சி தேடுவதைவிட ஒருமுறை மாறிவிடுவது மேல். டிஸ்னி தன் ஹோட்டல்களுக்கு இடையில் மட்டும்தான் பெட்டி மாற்றிக் கொடுக்கும், யுனிவர்சலுக்கு நீங்களேதான் கொண்டுபோக வேண்டும். ஆறு பேர், பெட்டிகள், இரண்டு குழந்தை இருக்கை எல்லாம் கொள்ளும் வேனாக முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வரிசை: டிஸ்னி முதலில், நான்கு இரவு. பிறகு கபானா பே இரண்டு இரவு. டிஸ்னியில் பேக்கேஜாக வாங்காமல் அறை மட்டும் பதிவு செய்தால் முன்பணம் ஓர் இரவுக்கு மட்டும், ரத்து செய்யவும் அதிக நாள் கையில் இருக்கும்.

டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்கள் லைட்னிங் லேன் மல்ட்டி பாஸை (காசு கொடுத்துக் குறுகிய வரிசையில் போகும் டிஸ்னி பாஸ்) செக்-இன்னுக்கு 7 நாள் முன்பே, தங்கும் எல்லா நாட்களுக்கும் சேர்த்து எடுக்கலாம். மற்றவர்களுக்கு ஒவ்வொரு நாளுக்கும் 3 நாள் முன்புதான். ஒர்லாண்டோ நேரம் காலை 7 மணிக்குத் திறக்கும், ஜூனில் இந்திய நேரம் மாலை 4.30. டிக்கெட்டும் ஹோட்டல் பதிவும் டிஸ்னி ஆப்பில் ஒரே கணக்கில் சேர்ந்திருந்தால்தான் திறக்கும். வேறு தளத்தில் முன்பதிவு செய்தால் அந்தத் தளத்தின் எண் ஆப்பில் ஏறாமல் போகலாம். டிஸ்னியின் உறுதி எண்ணைக் கேட்டு வாங்கி, ஒரு வாரம் முன்பே ஏற்றிச் சரிபாருங்கள். கடைக்குட்டிக்கு 3 வயது ஆகாததால் டிக்கெட்டும் வேண்டாம், லைட்னிங் லேனும் வேண்டாம்.

டிஸ்னி ஹோட்டல் விருந்தினர் எல்லோருக்கும் தினமும் அரை மணி முன்னதாக நுழைவு உண்டு. மேஜிக் கிங்டத்தில் அந்த நேரத்தில் ஃபேன்டஸிலேண்டும் டுமாரோலேண்டும்தான் திறந்திருக்கும். செவன் ட்வார்ஃப்ஸ் மைன் டிரெய்னுக்கு 97 செ.மீ. போதும், பெண்ணை அழைத்துக்கொண்டு நேராக அங்கே போங்கள். ஸ்பேஸ் மவுன்டன் 112, அது பையனுக்கும் அப்பாவுக்கும்.