ஹாம்பர்க்கில் சனி, ஞாயிறு: எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

ஹனோவர்வாசி:
ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். வருகிற சனி மதியம் ஹாம்பர்க் போய் ஞாயிறு சாயங்காலம் திரும்பலாம் என்று இருக்கிறோம். அம்மாவுக்கு முட்டிவலி, சமதரையில் மெதுவாக நடப்பார், படி என்றால் முடியாது. அப்பாவுக்குக் கப்பலும் கிரேனும் கண்ணில் பட்டால் போதும், சோறு தண்ணி வேண்டாம். துறைமுகத்தைச் சுற்றிக் காட்டும் படகுக்கு ஆளுக்கு இருபது யூரோவுக்கு மேல் கேட்கிறார்கள், அந்தக் காசுக்குத் தகுமா? எல்ப்ஃபில்ஹார்மோனி கச்சேரி அரங்கம், மினியேச்சர் வுண்டர்லாண்ட் என்ற பொம்மை ரயில் காட்சிக்கூடம் இரண்டையும் எல்லோரும் சொல்கிறார்கள், இரண்டுக்கும் நேரம் கிடைக்குமா?

எல்பேக்கரையான்:
லாண்டுங்ஸ்ப்ரூக்கன் படகுத்துறையில் இறங்கியதுமே "வாங்க, இப்பக் கிளம்பப் போகுது" என்று ஆள் பிடிப்பார்கள். காதில் வாங்காமல் நேரே 62ஆம் நம்பர் ஃபெரி நிற்கும் இடத்துக்குப் போங்கள். எல்பே ஆற்றில் ஓடுகிற டவுன் பஸ் மாதிரி அது, ஹெச்விவி (ஊர்ப் போக்குவரத்து) நாள் டிக்கெட்டோ, நாடு முழுக்க உள்ளூர் வண்டிகளில் செல்லும் டாய்ச்லாண்ட் மாத டிக்கெட்டோ இருந்தால் தனிக் காசு கிடையாது. கடைசி நிறுத்தமான ஃபின்கன்வெர்டர் வரை அரை மணி நேரம், அதற்குள் ஒரு பக்கம் கப்பல் பழுதுபார்க்கும் டாக், அப்புறம் புர்ஷார்ட்காய் கன்டெய்னர் முனையத்தின் கிரேன் வரிசை என்று அப்பாவுக்குத் தலையைத் திருப்பவே நேரம் இருக்காது. மேல்தளத்துக்குப் படி ஏற வேண்டும், அம்மா கீழே ஜன்னலோரம் உட்காரட்டும். திரும்பும்போது நொய்முய்லனில் இறங்கினால் பழைய கப்பல்களைக் கட்டி வைத்திருக்கும் சிறிய துறை இருக்கிறது, அதைத் தாண்டினால் மணல்கரை. கடலிலிருந்து நூறு கிலோமீட்டர் உள்ளே இருக்கிற ஊரில் கடற்கரை மாதிரி ஒன்று!

பாலத்தடி:
ஃபெரி சரிதான், ஆனால் அது ஷ்பைக்கர்ஷ்டாட்டுக்குள் போகாதே. 1888இல் ஹாம்பர்க் ஜெர்மானியச் சுங்க எல்லைக்குள் சேர்ந்தபோது, வரி கட்டாமல் காப்பி, தேயிலை, மிளகு, கம்பளம் எல்லாம் வைத்துக்கொள்ளத் தனியாகக் கட்டிய செங்கல் கிடங்கு நகரம் அது. அதற்காக ஒரு குடியிருப்பையே இடித்தார்கள், சுமார் இருபதாயிரம் பேர் வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று என்பதைச் சுற்றுலாக் கையேடுகள் ஒரு வரியில் முடித்துவிடும். அந்தக் கால்வாய்களுக்குள் பார்க்காசே எனப்படும் தாழ்வான சிறிய படகுதான் போக முடியும். காசு கொடுப்பதென்றால் அதற்குக் கொடுங்கள். ஒரே விஷயம், எல்பேயில் கடல் ஓதம் ஏறி இறங்கும், வித்தியாசம் மூன்றரை மீட்டருக்கும் மேல். வற்றிய நேரத்தில் படகு தரைதட்டும் என்பதால் உள்ளே விடாமல் வெளியிலேயே சுற்றிக் காட்டிவிட்டு அதே கட்டணத்தை வாங்கிக்கொள்வார்கள். ஏறுவதற்கு முன்னாலேயே "ஷ்பைக்கர்ஷ்டாட் உள்ளே போகுமா, போகாதா" என்று கேட்டுவிடுங்கள்.

படகு வேண்டாமென்றால் இருட்டும் நேரத்தில் போகன்முய்லன் பாலத்தில் போய் நின்றால் போதும், விளக்கு போட்ட கிடங்குகள் இரண்டு பக்கமும் தெரியும்.

லிஃப்ட்ராணி:
அம்மாவை மனதில் வைத்துச் சொல்கிறேன். எல்ப்ஃபில்ஹார்மோனியில் கச்சேரி டிக்கெட் இல்லாமலேயே 37 மீட்டர் உயரத்தில் ஊரைப் பார்க்க இருக்கிற பிளாசா என்ற மேல்தளத்துக்குப் போகலாம், வளைந்து போகும் நீள எஸ்கலேட்டர்தான் வேடிக்கை, ஆனால் லிஃப்டும் உண்டு. பழைய கோக்கோ கிடங்கின் தலையில் கண்ணாடியை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். 2010இல் திறப்பதாகச் சொல்லி 2017இல்தான் திறந்தார்கள், செலவு 86 கோடி யூரோவைத் தாண்டியது, உள்ளூர்க்காரரிடம் பேச்சுக் கொடுத்தால் பாலமோ பள்ளியோ கட்டியிருக்கலாம் என்று ஆரம்பிப்பார்.

மிஷெல் தேவாலயக் கோபுரத்துக்கு 452 படி, ஆனால் லிஃப்டிலேயே மேல்தளம் வரை போகலாம். ஞாயிறு பன்னிரண்டு மணிக்குக் கீழே நின்றால் கோபுரத்திலிருந்து நான்கு திசைக்கும் எக்காளம் ஊதுவது கேட்கும், அதற்குக் காசில்லை.

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விடப் பழைய எல்பே சுரங்கம்தான். 1911இல் துறைமுகத் தொழிலாளிகள் அக்கரைக்குப் போகக் கட்டியது, 24 மீட்டர் ஆழத்தில் 426 மீட்டர் சமதரை, இரண்டு முனையிலும் லிஃப்ட், நடப்பவர்களுக்கு இலவசம். சுவரில் மீன், நண்டு எல்லாம் பீங்கானில் புடைத்து நிற்கும். அக்கரையில் ஏறி நின்று பார்த்தால் முழு ஊரும் எதிரே.

வுண்டர்லாண்டை இந்தத் தடவை விட்டுவிடலாம். உள்ளே போனால் மூன்று நான்கு மணி நேரம் போய்விடும், சனிக்கிழமைக்கு முன்பதிவு இல்லாமல் இடம் கிடைப்பதும் கஷ்டம்.

ஹனோவர்வாசி:
அருமை, சுரங்கம் பற்றி எனக்குத் தெரியவே தெரியாது. ஞாயிறு காலை மீன்சந்தை? அம்மா சுத்த சைவம்.

எல்பேக்கரையான்:
1703இலிருந்து நடக்கிற சந்தை, பெயர்தான் மீன். கூடை கூடையாகப் பழமும் தொட்டிச் செடியும் கூவி விற்பார்கள், அம்மாவுக்குப் பிடிக்கும். ஆனால் 9.30க்கு மூட்டை கட்டிவிடுவார்கள், எட்டு மணிக்காவது அங்கே இருங்கள். மீன் வாடை தாங்காதென்றால் அப்பாவை மட்டும் அனுப்புங்கள், வரும்போது லவங்கப்பட்டை போட்ட ஃபிரான்ட்ஸ்பிரோட்சென் இனிப்பு பன் வாங்கி வரச் சொல்லுங்கள்.