புறவாசல்ல மூணு கொடி. கோவைதானா, வேற ஏதுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம். வீடு சேரன்மகாதேவிப் பக்கம். போன கோடையில குளத்துக் கரம்பை மண்ணு ஒரு டிராக்டர் லோடு இறக்கி புறவாசல் முழுக்கப் பரத்தினோம். ஐப்பசி மழை விழுந்ததும் நான் விதைக்காத கொடியெல்லாம் கிளம்பி முருங்கை, கொய்யா, கம்பி வேலி எல்லாத்தையும் மூடிட்டு. போட்டோ தெளிவா விழல. அதான் எழுதியே கேக்கேன்.

முதல் கொடி: இலை கையை விரிச்ச மாதிரி அஞ்சு பிரிவு. பச்சைக் காய்ல வெள்ளை வரி. அத்தை பாத்துட்டு, "கோவைதான், பிஞ்சாப் பறிச்சாப் பொரியல் வைக்கலாம்"ங்காங்க. அஞ்சு வயசு மகன் சிவந்த பழத்தைப் பறிச்சு வச்சு விளையாடுதான். எனக்கு இதுதான் பெரிய பயம்.

ரெண்டாவது: இலை மூணு பிரிவு, கசக்கினா நாத்தம். காயைச் சுத்திப் பச்சை வலை பின்னின மாதிரி இருக்கு.

மூணாவது வேப்ப மரத்துல ஏறியிருக்கு. போன மாசம் தூரோட வெட்டி விட்டோம். காயவே இல்ல, மேலேர்ந்து நூல் நூலா என்னமோ தொங்குது.

எதை வைக்க, எதைப் பிடுங்க?

பதில் (வீரவநல்லூர்):
முதல் கொடி கோவைதான். காய்ல வரி இருக்குன்னு நீங்களே சொல்லுதிய. பயப்படாமச் சமைங்க. எங்க வேலியிலயும் கிடக்கு.

பதில் (அம்பாசமுத்திரம்):
தங்கச்சி, சமைக்காதிய. முதல்ல பழுத்த பழத்தைப் பாருங்க.

கோவைப் பிஞ்சுலயும் வெள்ளை வரி உண்டு, அதுலதான் எல்லாரும் ஏமாறுதாங்க. ஆனா கோவை பழுத்தா வரி மறைஞ்சு முழுச் சிவப்பாயிரும். பழம் நீளவாக்குல இருக்கும். சிவலிங்கிக் கொடின்னு ஒண்ணு இருக்கு, ஐவிரலின்னும் சொல்லுவாங்க. அதோட காய் கோலிக்குண்டு மாதிரி உருண்டை. பழுத்துச் சிவந்த பிறகும் வெள்ளை வரி அப்படியே நிக்கும். அது நச்சுப் பழம். விதையை நாட்டு மருந்துல புழங்குவாங்கதான், அதுக்காக வீட்டுல வாயில வைக்கக் கூடாது.

பழம் இல்லன்னா பூவைப் பாருங்க. கோவைப்பூ நல்ல வெள்ளை, பெருசா ஒத்தையா நிக்கும். சிவலிங்கியில சின்னச் சின்னப் பூ, மஞ்சள் கலந்த பச்சையில கொத்தா வரும். கொடி பத்திக்கிட்டு ஏறுத சுருளையும் பாருங்க. கோவையில பெரும்பாலும் ஒத்தைச் சுருள், சிவலிங்கியில ரெண்டாப் பிரியும். இலையை மட்டும் வச்சு முடிவு பண்ணாதிய, கோவை இலையே ஒரே கொடியில விதவிதமா வரும்.

பிள்ளை வாயில வச்சிருந்தான்னு சந்தேகம் வந்தா, வாந்திக்காகக் காத்திருக்க வேண்டாம். பழமும் இலையுமா எடுத்துக்கிட்டு பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.

பதில் (பத்தமடை):
ரெண்டாவது சிறுபூனைக்காலி. தென்னமெரிக்காவுலேர்ந்து வந்து இங்க வேலியெல்லாம் பிடிச்சுட்டு. பழுத்து மஞ்சளானா சின்ன வயசுல நாங்க தின்னுருக்கோம், பச்சைக் காய் ஆகாது. கொய்யா மேல ஏறினதைப் பிடுங்குங்க. வேலியில ஒரு ஓரத்துல கொஞ்சம் விட்டா, செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி ஒண்ணு அதுல முட்டையிடும். பிள்ளைக்குப் புழுவையும் கூட்டையும் காட்டலாம்.

கேட்டவர்:
இப்பத்தான் போய்ப் பாத்துட்டு வாரேன் அண்ணாச்சி. பழம் உருண்டை, சிவப்புல வெள்ளை வரி அப்படியே இருக்கு. சுருளும் ரெண்டாப் பிரிஞ்சிருக்கு. மகன் வாயில வைக்கலன்னு ரெண்டு மூணு தடவை கேட்டு உறுதி பண்ணிட்டேன். அத்தையும் பழத்தைக் கையில வாங்கிப் பாத்துட்டு, "எங்க ஊர்க் கோவை இது இல்ல"ன்னுட்டாங்க.

பதில் (வீரவநல்லூர்):
நான் சொன்னது தப்பு தங்கச்சி. காயை மட்டும் வச்சுச் சொல்லிட்டேன். எங்க வேலியிலயும் போய்ப் பாத்தேன், எங்களுது நீளப் பழம், வரி இல்ல.

பதில் (அம்பாசமுத்திரம்):
நல்லதாப் போச்சு. மண்ணு ஈரமா இருக்கும்போதே வேரோட எடுங்க. பழத்தை எருக்குழியில போடாதிய, விதை அங்கயே முளைக்கும். பறவை கொண்டுவந்து போட்டாலும் வரும், அதனால அடுத்த மழைக்கும் ஒரு பார்வை பாருங்க.

மூணாவது சீந்திலா இருக்கும். தொங்குற நூல் அதோட வேர். தூரை வெட்டினாலும் அந்த நூல் மண்ணைத் தொட்டுட்டா மறுபடி பிழைச்சுக்கிடும். தண்டு மேல இருக்க தாள் மாதிரித் தோலை நகத்தால உரிச்சா உள்ள பச்சை தெரியணும். குறுக்கே வெட்டினா வண்டிச் சக்கரத்து ஆரம் மாதிரித் தெரியணும். ஆனா இதே சாடையில, தண்டு முழுக்க முண்டு முண்டா இன்னொரு இனம் இருக்கு. மருந்துக்குன்னு நெனச்சா, பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில ஒரு துண்டைக் காட்டிக் கேட்டுட்டு எடுங்க.

கேட்டவர்:
தோலை உரிச்சேன், பச்சைதான். முண்டு அங்கங்க கொஞ்சம் இருக்கு, முழுக்கன்னு சொல்ல முடியல. திங்கக்கிழமை பாளையங்கோட்டைக்குப் போறோம், ஒரு சாண் தண்டு இலையோட பையில எடுத்து வச்சாச்சு.