‘ஹிடன் ஆசிட் கேட்டலிசிஸ்’ – கலைச்சொல் வேண்டும்

வணக்கம்.
பிஸ்மத் உப்புகள் பற்றிய பாடக் குறிப்புக்கு ஒரு சொல் தேவை. பிஸ்மத் டிரிஃப்ளேட்டை லூயிஸ் அமில (எலக்ட்ரான் இணையை ஏற்கும்) வினையூக்கி என்கிறோம். ஆனால் ஈரம் பட்டால் அது நீராற்பகுப்படைந்து டிரிஃப்ளிக் அமிலத்தை விடுகிறது. பல வினைகளில் அந்தப் புரோட்டானே வேலையை முடித்துவிடுகிறது. டிரைகுளோரைடிலும் அப்படியே: ஆக்சிகுளோரைடு வெள்ளையாகப் படியும், கரைசலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் நிற்கும். இதற்கு ‘மறையமில வினையூக்கம்’ எனலாமா?

> மறையமில வினையூக்கம்

‘மறை’ வேண்டாம் ஐயா. இலங்கைப் பாடநூல்களில் மறை ஏற்றம் என்றால் எதிர்மின்னூட்டம். ‘உள்ளுறை அமிலம்’ என்றாலும் குழப்பம்தான்: சூடேறினால் அமிலம் விடும்படி வேண்டுமென்றே கட்டிவைத்த பூச்சுத்தொழில் ஊக்கிகளுக்கு அது போகட்டும். இங்கே அமிலம் யாரும் கேளாமல் வருகிறது. ‘கரந்துறை அமில வினையூக்கம்’ என்பது என் பரிந்துரை.

> கரந்துறை அமில வினையூக்கம்

எனக்கும் சம்மதம். ஆனால் விளக்கத்தில் சோதனையும் வரட்டும். இல்லாவிட்டால் எல்லாப் பிஸ்மத் வினைக்கும் இந்தப் பெயரை ஒட்டிவிடுவார்கள்.

அசெட்டாலை நீரால் ஆல்டிஹைடாக உடைக்கும் வினையை மூன்று குடுவைகளில் ஒப்பிடுங்கள். முதல் குடுவையில் பென்சால்டிஹைடு டைமெத்தில் அசெட்டால் 1.52 கிராம் (10 மில்லிமோல்), நீர் கலந்த டெட்ராஹைட்ரோஃபியூரான் (டி.எச்.எஃப்.) கரைப்பான், பிஸ்மத் டிரிஃப்ளேட் 0.1 மோல் விழுக்காடு, அதாவது நீரற்ற கணக்கில் 6.6 மில்லிகிராம். கடையில் கிடைப்பது நீரேறிய உப்பாகவும் இருக்கலாம், அப்போது எடை அதற்கேற்பக் கூடும். இரண்டாம் குடுவையில் பிஸ்மத்துக்குப் பதில் டிரிஃப்ளிக் அமிலம் 0.03 மில்லிமோல்: உப்பு முழுதும் பகுந்தால் (ஓர் உப்புக்கு மூன்று அமிலம்) வரக்கூடிய அளவு. அதை 0.1 மோலார் நீர்க்கரைசலாக 0.3 மில்லிலிட்டர் எடுங்கள். நீரற்ற டி.எச்.எஃப்.-இல் இருப்புக் கரைசல் செய்யாதீர்கள், பலபடியாகிக் கெட்டியாகிவிடும். மூன்றாவதில் பிஸ்மத்தோடு 2,6-டைடெர்ட்பியூட்டைல்பிரிடின் என்ற காரம் 0.04 மில்லிமோல். அதன் பருத்த கைகள் புரோட்டானை உள்ளே விடும், உலோகத்தை அண்டவிடா.

முதலிரண்டும் ஒரே வேகம், மூன்றாவது முடங்கியது என்றால் சொல் பொருந்தும். மூன்றாவது மட்டும் போதாது: காரம் நீராற்பகுப்பையே இழுத்து உப்பைக் கெடுத்திருக்கலாம். மாதிரியை எடுத்தவுடன் டிரைஎத்திலமீன் விட்டு நிறுத்துங்கள். மாதிரியைச் சோதிக்கும் மெல்லடுக்கு நிறப்பிரிகைத் தகட்டையும் (சிலிகா பூசியது) அதில் நனைத்துக் காயவிடுங்கள். சிலிகாவின் அமிலத்தன்மையே அசெட்டாலை உடைத்துப் பொய் முடிவு காட்டும்.

பிஸ்மத் வினையூக்கிக்கு ‘மென்மையான’ என்ற அடைமொழியையும் பார்த்துப் போடுங்கள். பிஸ்மத் வயிற்று மருந்தில் இருப்பது சரிதான். அமிலத்தில் உடையக்கூடிய சிலில் ஈதர் உள்ள மூலக்கூறுக்கு எதிரே நிற்பது டிரிஃப்ளிக் அமிலம்.