14 வருட வண்டி: கிளட்ச், ஆக்சில் இரண்டும் தகராறு, செலவு செய்யலாமா?

பழையவண்டி:
பெட்ரோல் வண்டி, முன்சக்கர இழுவை, மேனுவல் கியர், ஓடியது 1,80,000 கி.மீ. ஸ்டீயரிங்கை இடப்பக்கம் முழுதாக ஒடித்து நகர்த்தினால் முன்னாலிருந்து டக் டக் டக் என்று சத்தம். மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் மட்டும் கத்துகிறது, வண்டி ஏறுவேனா என்கிறது. போதாக்குறைக்கு ஓடும்போது ஒரு மெல்லிய ஊளை. மெக்கானிக் கியர்பாக்ஸையே மாற்று, இல்லை வண்டியைத் தள்ளிவிடு என்கிறார். அவர் சொல்லும் தொகை, விற்றால் கிடைப்பதில் பாதிக்கு மேல். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை, அதனால்தான் மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

கிரீஸ்கை:
மூன்றையும் ஒரே வியாதியாகப் பார்க்காதீர்கள். டக் டக் என்பது ஆக்சில் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) வெளி முனையிலுள்ள சிவி ஜாயின்ட், சக்கரம் திரும்பினாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு, இடப்பக்கம் ஒடிக்கும்போது என்றால் பெரும்பாலும் வலப்பக்கத்து ஜாயின்ட். சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள், ஜாயின்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து ரிம்மின் உள்பக்கமெல்லாம் கிரீஸ் தெறித்திருக்கும். கியர்பாக்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

எஞ்சின் மட்டும் கத்துவது கிளட்ச் நழுவுவதால். கேபிள் கிளட்ச் என்றால் முதலில் பெடலில் கொஞ்சம் ஃப்ரீ பிளே (கிளட்ச் பிடிபடும் முன் பெடல் லேசாக இறங்கும் தூரம்) இருக்கிறதா என்று பாருங்கள், சுத்தமாக இல்லாவிட்டால் கேபிளைத் தளர்த்தினாலே சரியாகலாம். அப்படியும் நழுவினால் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கும், அல்லது எஞ்சின் பின்சீல் (எஞ்சின் பின்பக்கத்து ஆயில் சீல்) கசிந்து பிளேட்டில் ஆயில் ஏறியிருக்கும். ஊளைதான் உண்மையான கேள்வி. அது எல்லாக் கியரிலும் வருகிறதா? நியூட்ரலில் நிற்கும்போது வந்து, கிளட்சை மிதித்தால் நிற்கிறதா?

பழையவண்டி:
ஃப்ரீ பிளே இருக்கிறது. எல்லாக் கியரிலும் வருகிறது, நியூட்ரலில் நின்றால் இல்லை. பூட் நீங்கள் சொன்ன மாதிரியே கிழிந்து தொங்குகிறது.

கிரீஸ்கை:
அப்படியானால் பாக்ஸைப் பிரிக்கும் முன்னால் கியர் ஆயிலை வடிக்கச் சொல்லி, கூடவே நில்லுங்கள். டிரெயின் பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி ஒட்டியிருப்பது இந்த வயதுக்குச் சகஜம். விரலில் குத்துகிற துண்டு, பல் சில்லு வந்தால் கதை வேறு. அளவையும் பாருங்கள், ஆயில் குறைந்தாலே பேரிங் ஊளையிடும்.

இரண்டாம்கியர்:
நான் கொஞ்சம் எதிர்ப்பேச்சு பேசுகிறேன். என் வண்டிக்கு இதேபோல கிளட்ச், ஆக்சில் எல்லாம் போட்டு முடித்தேன், நாலு மாதத்தில் ஜாக் போட்டவர் கூப்பிட்டுக் காட்டினார், சப்ஃபிரேமில் (எஞ்சினையும் முன்சக்கரப் பாகங்களையும் தாங்கும் அடிச்சட்டம்) ஸ்குரூடிரைவர் உள்ளே போகிறது. துரு. போட்ட காசு போனது போனதுதான். அதனால் முதலில் அடியைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். விற்றால் என்ன கிடைக்கும் என்பதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், இதை விட்டால் அடுத்த வண்டிக்கு மாதாமாதம் எவ்வளவு போகும், இந்தச் செலவு எத்தனை மாதத் தவணைக்குச் சமம் என்று பாருங்கள்.

கிரீஸ்கை:
துரு விஷயம் நூற்றுக்கு நூறு சரி. சுத்தமாக இருந்தால் செய்துவிடலாம், ஆனால் மொத்தமாகச் செய்யுங்கள். கிளட்சுக்கு எப்படியும் பாக்ஸ் இறங்கும், கூலிதான் அதில் பெரிது. பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதித்தால் அதை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றும் ஒரே செட்டாக, எஞ்சின் பின்சீல், இரண்டு ஆக்சில் சீல் எல்லாம் அப்போதே. பிளேட் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். ஃப்ளைவீலில் (கிளட்ச் பிளேட் அழுந்தும் எஞ்சின் பக்கத்துச் சக்கரம்) நீல நிறத் திட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள், சூடேறிய அடையாளம் அது. அதற்கு மேலே புது பிளேட்டை அப்படியே போட்டால் உதறும்.

பழையவண்டி (3 வாரம் கழித்து):
தாமதத்துக்கு மன்னிக்கவும். அடியில் மேல்துரு மட்டும்தான். காந்தத்தில் பசை, துண்டு இல்லை. ஆனால் இரண்டு லிட்டர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு லிட்டர்தான் வடிந்தது, வலப்பக்க ஆக்சில் சீல் வழியாக மெல்ல மெல்லப் போயிருக்கிறது. பாக்ஸை மாற்றவில்லை. கிளட்ச் செட், வலப்பக்க ஆக்சில், சீல்கள், புது ஆயில். பழைய பிளேட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன், மேல்பூச்சு தேய்ந்துபோய், அதைப் பிடித்திருக்கும் ரிவெட் தலையெல்லாம் உரசிப் பளபளவென்று இருந்தது. மேட்டில் இப்போது பழையபடி இழுக்கிறது. ஊளை பாதி குறைந்திருக்கிறது, ரேடியோ போட்டால் கேட்காது.