இயர்ஃபோனில் கேட்கும் குரல், போன் ஸ்பீக்கரில் காணாமல் போகிறது. உதவி தேவை

அரைத்தூக்கம்:
தனி ஆளாக ஒரு ஒலிக்கதை பாட்காஸ்ட் செய்துகொண்டிருக்கிறேன். நேர்காணல், அரட்டை எதுவும் கிடையாது. ஒரு பெண் இரவில் வீட்டுக்கு நடந்து போகிறாள். வெளியே காலடிச் சத்தம், நாய்க் குரைப்பு. உள்ளே அவள் மனக்குரல். அந்த மனக்குரல் கேட்பவரின் மண்டைக்குள்ளேயே ஒலிக்க வேண்டும் என்று நாலு வாரம் மெனக்கெட்டேன். இயர்ஃபோனில் போட்டால் எனக்கே புல்லரிக்கிறது.

நேற்று நாலு பேருக்கு அனுப்பினேன். ஒருவர், "நல்லா இருக்கு, ஆனா பாதி நேரம் யாருமே பேசலையே" என்றார். கிண்டல் என்றுதான் நினைத்தேன். அப்புறம் என் பழைய போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் ஓட்டினால், காலடி இருக்கிறது, நாய் இருக்கிறது, மனக்குரல் மட்டும் சுத்தமாக இல்லை! எடிட்டரில் திறந்தால் அலைவடிவம் அப்படியே இருக்கிறது. எம்பி3, 128 கேபிபிஎஸ், ஸ்டீரியோ. மூன்று முறை திரும்ப எக்ஸ்போர்ட் செய்துவிட்டேன், அதே கதை.

இன்னொன்று: நடுவில் 40 விநாடி மௌனம் வைத்திருந்தேன். இன்னொரு நண்பர் "மௌனமா, எங்கே?" என்கிறார்.

கம்பிவடம்:
எக்ஸ்போர்ட்டை விடுங்கள். வேறு எந்தெந்தக் கருவியில் கேட்டுப் பார்த்தீர்கள்? மனக்குரலுக்கு என்ன எஃபெக்ட் போட்டீர்கள்?

அரைத்தூக்கம்:
சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கரிலும் குரல் இல்லை. காரில் கேட்கிறது, ஆனால் அடிக்குரலே இல்லாமல், காய்ச்சலில் கிடப்பவர் பேசுவது போல. எஃபெக்ட் பெரிதாக ஒன்றுமில்லை. குரல் டிராக்கை நகலெடுத்து ஒன்றை இடது ஓரத்துக்கும் மற்றதை வலது ஓரத்துக்கும் தள்ளினேன். வலதில் இருப்பதற்கு இன்வர்ட் கொடுத்தேன். ஏதோ ஒரு வீடியோவில் பார்த்தது.

கம்பிவடம்:
அகப்பட்டது. இன்வர்ட் கொடுத்தால் அலை தலைகீழாகும். ஒரு கணத்தில் இடதில் +0.3 என்றால் வலதில் −0.3. இயர்ஃபோனில் இரண்டும் தனித்தனிக் காதுக்குப் போவதால் மூளை குழம்பி, "திசையே இல்லாத குரல்" என்று எடுத்துக்கொள்கிறது. உங்கள் புல்லரிப்புக்குக் காரணம் அதுதான். ஒற்றை ஸ்பீக்கர் கருவியோ இரண்டையும் கூட்டி மோனோவாக்குகிறது, அதாவது ஒரே ஒலியாக்குகிறது. கூட்டினால் பூஜ்யம். காலடியும் நாயும் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று தலைகீழாக இல்லாததால் தப்பித்தன. காரில் இரண்டு பக்க ஒலியும் காற்றில் கலக்கின்றன. நீளமான அலைகள், அதாவது அடிக்குரல், அங்கேதான் அதிகம் அடிபடும்.

ஒலியின் உரப்பை அளக்கும் லவுட்னஸ் மீட்டர் இதைக் காட்டிக்கொடுக்காது. அது இரண்டு சேனல்களின் சக்தியையும் தனித்தனியாக அளந்து கூட்டுவதால் −16 எல்யுஎஃப்எஸ் (உரப்பின் அலகு) என்று சாதுவாகச் சொல்லும். பார்க்க வேண்டியது, இரண்டு பக்கமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கோரிலேஷன் மீட்டர். +1 என்றால் இரண்டு பக்கமும் ஒன்று, −1 என்றால் மோனோவில் குரல் காலி. ரீப்பர் எடிட்டரில், எல்லா ஒலியும் சேரும் மாஸ்டர் டிராக்கை மோனோவாக்கும் பொத்தான் உண்டு. ஆடாசிட்டி எடிட்டரில் ஒரு நகலை மோனோவாகக் கலந்து கேளுங்கள்.

பழைய டேப்:
இன்வர்ட்டுக்குப் பதில் ஒரு பக்கத்தை 10 மில்லிவிநாடி தாமதிக்கச் சொல்லி யாராவது வருவார்கள். கேட்காதீர்கள். குரல் காணாமல் போகாது, ஆனால் மோனோவில் 50, 150, 250 ஹெர்ட்ஸ் என்று 100-க்கு ஒரு பள்ளம் விழுந்து (அந்த இடங்களில் ஒலி அழிந்து), குழாய்க்குள் பேசுவது போல ஆகிவிடும்.

இயர்ஃபோனில், எதிரொலியே இல்லாத மோனோ குரலை நட்டநடுவில் வைத்தால் அது தானாகவே தலைக்குள்தான் கேட்கும். நீங்கள் நாலு வாரம் தேடியது ஓசியில் கிடைக்கிறது! போர்வையோ துணியோ சுற்றிலும் தொங்கவிட்டு, மைக்குக்கு அருகில், கொஞ்சம் பக்கவாட்டில் வைத்து மெதுவாகப் பேசுங்கள். துளியும் ரிவெர்ப் (அறை எதிரொலி) வேண்டாம். காலடியையும் நாயையும் பைனாரலாக, அதாவது இரண்டு காதுகளின் இடத்தில் இரண்டு மைக் வைத்து, பதிவுசெய்து வெளியே தள்ளுங்கள். வெளி எவ்வளவு விரிகிறதோ, உள்குரல் அவ்வளவு உள்ளே போகும். இன்னும் அகலம் வேண்டுமா? ஒரே வசனத்தை இரண்டு தடவை பேசி இரண்டு பக்கமும் வையுங்கள். இரண்டு டேக்கும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது என்பதால் ஒன்றையொன்று அழிக்காது.

மௌனத்தை விழுங்கியது பெரும்பாலும் உங்கள் நண்பரின் ஆப். சத்தமில்லாத இடத்தைச் சுருக்கும் வசதி பல பாட்காஸ்ட் ஆப்களில் உண்டு. உங்கள் பக்கமிருந்து அதை அணைக்க முடியாது. வெறும் பூஜ்யம் வைக்காமல், அதே தெருவின் வெற்று இரவை 40 விநாடி பதிவுசெய்து போடுங்கள், அதுவும் காதுக்குத் தெரிகிற அளவில். வெறும் பூஜ்யம் என்றால் கேட்பவர் நெட் போய்விட்டது என்று போனைத் தட்டுவார்.

நிழல்_டிராக்:
எனக்கென்னவோ அந்தக் கோளாறுதான் பிடித்திருக்கிறது. ஸ்பீக்கரில் கேட்பவருக்கு ஒரு பெண் நடந்து போகிறாள், அவ்வளவுதான். இயர்ஃபோன் போட்டவருக்கு மட்டும் அவள் மனசு. வேண்டுமென்றே இப்படியே விடுங்களேன்?

கம்பிவடம்:
யோசனை அழகு, ஆனால் கதை முழுக்க அதன்மேல் நிற்கக் கூடாது. பாட்காஸ்டை ஏற்றி வைக்கும் சில ஹோஸ்டிங் சேவைகள் கோப்பை மறுபடி சுருக்கும்போது மோனோவாக்கிவிடும். அப்போது இயர்ஃபோன் போட்டவருக்கும் மனசு கிடையாது. செய்வதானால் ஒன்றிரண்டு வரிக்குச் செய்யுங்கள். கதை புரிவதற்குத் தேவையான வரி அதில் இருக்கக் கூடாது. ஏற்றிய பிறகு, கேட்பவருக்குப் போகும் கோப்பையே இறக்கி, இன்னும் ஸ்டீரியோதானா என்று பாருங்கள்.

அரைத்தூக்கம்:
அலமாரிக்குள் தலையை விட்டு மொத்த மனக்குரலையும் மறுபடி பேசிவிட்டேன், நடுவில், மோனோ. பழைய டேப் சொன்னது சரி, இயர்ஃபோனில் முன்பைவிட நெருக்கமாக இருக்கிறது. முன்பு இருந்த அந்த லேசான தலைசுற்றலும் இல்லை. அது என் ஸ்டைல் என்று நினைத்திருந்தேன்! நண்பரின் ஆப்பில் சுருக்கும் வசதி ஆன் ஆகியிருந்தது. தெரு ஒலி போட்ட பிறகு மௌனம் முழுசாக வருகிறது, தூரத்தில் ஒரு வண்டி போகும் சத்தத்தோடு.

இன்வர்ட்டை ஒரே ஒரு வரிக்கு மட்டும் வைத்திருக்கிறேன். அவள் கதவைத் திறக்கும் முன் சொல்வது. ஹோஸ்டிங்கிலிருந்து கோப்பை இறக்கிப் பார்த்தேன், ஸ்டீரியோவாகவே இருக்கிறது.