சிங்கப்பூரின் போர்க்காலப் பீரங்கிகளைப் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது?

வினா (தொடக்கநிலை 4 மாணவியின் தாய்):
அனைவருக்கும் வணக்கம். முழுமைத் தற்காப்பு தினத்தையொட்டி என் மகளின் வகுப்பினர் சாங்கியில் உள்ள ஜோகூர் பீரங்கித் தளத்தைப் பார்க்கச் செல்கிறார்கள். பீரங்கிகள் எல்லாம் கடலை நோக்கியே நின்றதால்தான் 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தது என்று உறவினர் ஒருவர் அவளிடம் சொல்ல, "எதிரி பின்பக்கமாக வந்தபோது ஏன் அவற்றைத் திருப்பவில்லை?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி இதற்கு என்ன பதில் சொல்லலாம்?

பதில் 1 (ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்):
வணக்கம் அம்மா. பீரங்கிகள் திருப்பப்பட்டன என்பதுதான் உண்மை. அதையே முதலில் அவளிடம் சொல்லுங்கள். சாங்கியில் இருந்த மூன்று 15 அங்குலப் பீரங்கிகளும் கடல்வழி வரும் போர்க்கப்பல்களைத் தாக்குவதற்காக நிறுவப்பட்டவை. ஜப்பானியப் படையோ மலாயா வழியாகத் தரைமார்க்கமாக இறங்கி வந்து, பிப்ரவரி 8ஆம் தேதி இரவு ஜோகூர் நீரிணையைக் கடந்து வடமேற்குக் கரையில் ஏறியது. அந்த நாள்களில் சாங்கிப் பீரங்கிகள் ஜோகூர் பாரு பக்கமாகவும் சுட்டன. ஆனால் கையிருப்பில் இருந்த குண்டுகளில் பெரும்பாலானவை கப்பலின் தடித்த இரும்புக் கவசத்தைத் துளைத்து உள்ளே சென்று வெடிக்கும் வகையைச் சேர்ந்தவை. அவை தரையில் விழுந்தால் மண்ணுக்குள் ஆழப் புதைந்துவிடும். பரந்து நடந்து வரும் காலாட்படைக்கு அதனால் பெரிய சேதம் இராது. தளத்தில் வைத்துள்ள குண்டின் மாதிரியை அவள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். உண்மையான குண்டு ஒன்றின் எடை 800 கிலோவுக்கும் அதிகம் என்று சொன்னால், அது எதற்காகச் செய்யப்பட்டது என்பதை அவளே ஊகித்துவிடுவாள். தீவு சரணடைவதற்குச் சில நாள்கள் முன்பே, எதிரியின் கையில் சிக்கக் கூடாதென்று பிரிட்டிஷார் அப்பீரங்கிகளைத் தகர்த்துவிட்டதால், இன்று அங்கு நிற்பது மாதிரி வடிவமே. குண்டுகளைச் சேமித்த நிலவறைகள் 1991இல்தான் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டன.

பதில் 2 (பெற்றோர் ஒருவர்):
ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். சிங்கப்பூரின் பீரங்கித் தளங்களில் பணியாற்றிய ஹாங்காங் சிங்கப்பூர் பீரங்கிப் படையில் இந்தியாவிலிருந்து வந்த வீரர்கள் பெருமளவில் இருந்தார்கள். பிள்ளைகள் பீரங்கியைப் பார்த்துவிட்டு, அதை இயக்கிய மனிதர்களைப் பற்றி எதுவும் அறியாமல் திரும்புவது எனக்கு வருத்தமளிக்கிறது. முடிந்தால் மற்றொரு நாள் கிராஞ்சி போர் நினைவிடத்துக்கும் அழைத்துச் செல்லுங்கள். உடல் கிடைக்காத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்குள்ள சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றில் இந்தியப் படையினரின் பெயர்கள் பத்தி பத்தியாக நீள்கின்றன.

பதில் 3 (தொடக்கப்பள்ளி ஆசிரியை):
என் மாணவர்களிடம் நான் தீவின் வரைபடம் ஒன்றைக் கொடுத்துவிடுவேன். சாங்கி, லாப்ரடார், செந்தோசாவின் சிலோசோ கோட்டை ஆகிய இடங்களைக் குறித்து, ஒவ்வொரு தளமும் எந்தக் கடல்வழியைக் காத்தது என்று அவர்கள் கோடு வரைய வேண்டும். அதன்பின் வேறு நிறத்தில், படை வந்து ஏறிய வடமேற்குக் கரையைக் குறிக்கச் சொல்வேன். மகளிடம் பயணத்துக்கு முந்தைய நாளே இதைச் செய்யச் சொல்லுங்கள். அங்கு போனதும் வழிகாட்டியிடம் என்ன கேட்க வேண்டும் என்பது அவளுக்கே தெரிந்திருக்கும்.